தட்டுணர்வு ஒப்பீட்டுக் குழு

ஸ்ரீரங்கத்தில் ஓர் அலுவலகம். எது என்று சொன்னால், மற்ற அலுவலகங்கள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படும். அதன் சான்றிதழ்ப் பிரிவில் இருந்த ஒரே கீபோர்டு, திங்கட்கிழமை காலை ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுச் செத்துப்போனது.

நஜ்முன்னிசாவுக்கு அந்தத் துக்கச் செய்தி வியாழக்கிழமைதான் கிடைத்தது. மகள் ஆலியாவுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். அதைக் காட்டினால் கல்லூரியில் கட்டணம் குறையும். காட்டக் கடைசி நாள் வெள்ளி.

"எல்லாம் சரியா இருக்குங்க. அடிச்சு அனுப்ப வேண்டியதுதான்," என்றாள் கவுண்டரில் இருந்த ஆபரேட்டர் பிரேமலதா. "அடிக்கத்தான் ஒன்னும் இல்ல."

"கடையில ஒரு கீபோர்டு வாங்கக் கூடாதாங்க?"

"சார் வரவழைச்சுட்டாருங்க. மூணு."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"மூணு இருக்கே, அதான் கஷ்டம்."

அதிகாரி சிவசங்கர், அலுவலக நவீனமயமாக்கல் பயிற்சிக்காகச் சென்னை போய், மெக்கானிக்கல் கீபோர்டு என்று ஒன்று உலகில் இருப்பதை அறிந்து திரும்பியவர். அதில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு தனி சுவிட்ச்; சுவிட்சின் நிறத்துக்கு ஒரு குணம். நீலம் 'கிளிக்' என்று சத்தம் போடும். பழுப்பு சத்தம் போடாது. பாதி வழியில் விரலை லேசாக முட்டும். சிவப்பு முட்டவும் முட்டாது, பேசவும் பேசாது. மக்கள் வரிப்பணம் சம்பந்தப்பட்டதாகையால் எதிலும் அவசரப்பட இயலாது. எனவே தட்டுணர்வு ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டிருந்தது. அதில் பொதுமக்கள் பிரதிநிதியின் நாற்காலி மட்டும் காலி.

சிவசங்கர் தன் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா. நீங்க பொதுமக்கள்தானே?"

"ஆமாங்க," என்றாள் நஜ்முன்னிசா. இத்தனை மரியாதையாக அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

மூன்று கீபோர்டுகளையும் அவள் முன் வைத்தார்கள். இதுதான் சமயம் என்று, மகள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

"ஸ்கிரீன்ல ஒன்னும் வரலையே சார்?"

"கனெக்ஷன் கொடுக்கலம்மா. மாதிரிப் பொருளைக் கம்ப்யூட்டர்ல மாட்டினா, அது உபயோகிச்ச பொருளாயிடும். உணர்வை மட்டும் சொல்லுங்க."

"எது சீக்கிரம் வேலை செய்யுமோ அதையே எடுங்க சார்."

"வேகம் பரிசீலனையில இல்ல."

பதிவறை எழுத்தர் செபஸ்தியான் நீலத்தைத் தட்டினார். "ஒவ்வொரு எழுத்துக்கும் ரசீது கொடுக்குது சார்." பழுப்பைத் தட்டினார். "இது நம்ம ஃபைல் மாதிரி. கொஞ்சம் முட்டி நின்னு, அப்புறம் போகுது."

"சிவப்பு?"

"தடங்கலே இல்ல சார். நேரா போய் இறங்குது."

சிவசங்கர் முகம் இருண்டது. "இந்த ஆபீஸ்ல தடங்கலே இல்லாம ஒன்னு நடந்தா ஆடிட்ல கேள்வி வரும். சிவப்பை எடுத்து வைங்க."

நஜ்முன்னிசா நீலத்தை மறுபடி தட்டினாள். கிளிக், கிளிக். வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆரம்பிச்சுட்டாங்கப்பா!" என்றது ஒரு குரல். நான்கு நாட்களில் அந்தக் கூட்டத்தில் முதல் முறையாக நிம்மதி பரவியது.

"பாத்தீங்களா, வேலை நடக்குதுன்னு மக்களுக்குத் தெரியுது," என்றார் சிவசங்கர். நஜ்முன்னிசாவுக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது லால்குடியிலிருந்து வாரிசுச் சான்றிதழுக்காக வந்திருந்த வளவன் உள்ளே நுழைந்து, யாரையும் கேட்காமல் பழுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"இதுதாங்க கீபோர்டு. விரலுக்கு ஒரு மரியாதை தருது."

"சத்தமே இல்லாம என்னங்க மரியாதை? ஊமை மாதிரி!" என்றாள் நஜ்முன்னிசா.

"உங்களது தகர டப்பாங்க."

"டப்பாவா? நல்லா அமுக்கிப் பாத்துட்டுப் பேசுங்க!"

வரிசை இரண்டாகப் பிரிந்து உள்ளே வந்தது. கவுண்டரில் ஆளில்லை. பிரேமலதாவும் பழுப்புப் பக்கம் நின்றிருந்தாள். ஐந்து மணிக்கு, கருத்து சமமாக இருப்பதால் குழு நாளை மீண்டும் கூடும் என்று சிவசங்கர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் ஆலியா போனில் கூப்பிட்டாள். "ம்மா, கிடைச்சிருச்சா?"

"எங்க? அந்த லால்குடிக்காரர் பிரவுனை விட்டு இறங்க மாட்டேங்கறார். நாளைக்கு உங்க அத்தாவையும் கூட்டிட்டுப் போறேன். நீலம் ஜெயிக்க ஒரு ஆள் குறையுது."

மூன்று கீபோர்டுகளின் கதையையும் மகளிடம் சொல்லி முடித்தாள். நாளைதான் கடைசி நாள் என்று மகள் கத்தப்போகிறாள் என்று நினைத்து, நஜ்முன்னிசா பதிலும் தயாராக வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா," என்றாள் ஆலியா வருத்தமாக, "சிவப்பை யாருமே கண்டுக்கலையா?"