க்ளிப்புக்காரரின் ஹெலிகாப்டர்

சித்தூர் முழுவதிலும் தன்னிடமே அனுமதி கேட்டு, தனக்கே அனுமதி கொடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் க்ளிப்புக்காரர்தான். மஸ்கட்டில் ஏழு வருஷம் மெக்கானிக் வேலை. மற்றவர்கள் தங்கமும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தபோது, இவர் ரிமோட்டில் பறக்கும் இரண்டு முழ ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தார்.

கீழே அவருடைய டிவி ரிப்பேர் கடை. மாடி அறையில் நான். கடைச் சுவரில் ஒரு பலகை, அதில் துணி காயப்போடும் க்ளிப் ஒன்று. அதை எடுத்துச் சட்டையில் மாட்டியவர் மட்டுமே ரிமோட்டைப் போடலாம் என்பது மஸ்கட்டில் அவர் கற்ற சட்டம். ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட் பேசினால் ஹெலிகாப்டர் யார் பேச்சையும் கேட்காதாம். ஜில்லாவிலேயே அப்போது ஹெலிகாப்டர் ஒன்றுதான். ஆனாலும் மனுஷர் பலகைக்கு முன் நின்று, "யாராச்சும் போட்டுக்கினு இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்பார்.

"நான் இட்லி துன்னுக்கினு இருக்கேன், நீங்க போடுங்க" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பேன்.

"கிண்டல் பண்ணு. ரெக்கை சுத்தறப்ப வெரல வெச்சிப் பாரு, தெரியும்."

கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு அரிசி மில்லுக்காரர். அவர் மகளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை அமைந்தார். அந்த மாப்பிள்ளையும் பெட்டியில் ஒரு ஹெலிகாப்டரோடு வந்து இறங்கினார். மில் மைதானத்தில் கல்யாண ஜனத்தின் தலைமேல் இரண்டும் சேர்ந்து பூத் தூவ வேண்டும் என்றார் மில்லுக்காரர்.

க்ளிப்புக்காரர் இரண்டு ரிமோட்டையும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சேனலு. என்னுது பறக்கறப்ப மாப்ள ரிமோட்டைத் தொடக்கூடாது. கயிறு கட்டிடறேன், ஜனம் அதுக்கு அந்தாண்ட நிக்கணும்."

"ஏமய்யா, என் மில்லு, என் பொண்ணு கல்யாணம். எனக்கே சட்டமா? கடை வேணுமா, வேணாமா?"

"கடை உங்களுது. ஹெலிகாப்டரு என்னுது. கீழ நிக்கற தலைங்க நம்ம ரெண்டு பேருதும் இல்ல."

சொன்னபடியே கயிறு கட்டினார். சம்பந்தியை விரட்டினார், மேளக்காரர்களை விரட்டினார். முன்வரிசை நாற்காலியில் சொகுசாக உட்கார்ந்திருந்த என்னைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். பொத்தான் அறுந்தது. அத்தனை பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

அவருடைய ஹெலிகாப்டர் பனை உயரம் போனது. மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்குக் கை அரித்தது. சும்மா பார்க்கலாமே என்று தன் ரிமோட்டைப் போட்டார். மேலே போனது ஒரு முறை உதறியது, குட்டிக்கரணம் அடித்தது, நேராக வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைக் கிழித்துப்போட்டு நொறுங்கியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

மில்லுக்காரர் மாப்பிள்ளையை விட்டுக்கொடுப்பாரா? "உன் பொம்மைதான் கோளாறு. கயிறு கட்டி என் சம்பந்திய அவமானம் பண்ணது தப்புன்னு சொல்லு, கடைய வெச்சிக்க."

"கயிறு கட்னதாலதான் எல்லாரும் நின்னு பேசிக்கினு இருக்கோம். தப்புன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையிலேயே சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சந்தில் கடை போட்டார்.

ஒரே மாதத்தில் நானும் திருப்பதியில், அந்தச் சந்திலேயே அறை பார்த்துக்கொண்டேன். தினமும் வேலைக்காகச் சித்தூருக்கு பஸ்ஸில் போய்வந்தேன். திருப்பதியில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.