வைஃபைக்கு கவர் அடித்த தகரண்ணன்

ஓசூரில் தகரண்ணன் கவர் அடிக்காமல் விட்டுவைத்தது சூரியனை மட்டும்தான். ஏணி எட்டியிருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் தெரியாது. ஷீட் மெட்டல் கம்பெனியில் வேலை. மெஷின்களுக்குப் பாதுகாப்பு கவர் செய்து செய்து, மூடாமல் நிற்கும் எதைப் பார்த்தாலும் மனுஷனுக்குக் கை அரிக்கும். தண்ணீர்க் குழாய்க்கு கவர். காலிங் பெல்லுக்கு கவர். அதற்கப்புறம் பெல்லை யாராலும் அமுக்க முடியவில்லை. வெயில் படுகிறதே என்று துளசிச் செடிக்கு நாலு பக்கமும் தகரம் அடித்தார். செடி வெந்தே போய்விட்டது.

சூளகிரிப் பக்கத்துக்காரர். எங்களிடம் தமிழ் பேசுவார், தகரத்தைத் தெலுங்கில் திட்டுவார். வேலை நன்றாக முடிந்தால் மட்டும் இரண்டடி பின்னால் போய் நின்று கன்னடத்தில் "சென்னாகிதே!" என்பார். நன்றாயிருக்கிறது என்ற அந்தப் பாராட்டை அவர் அடுத்தவர் வேலைக்குச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டு, நட்டு இருப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். அந்த ஒரே தகுதியில் காம்பவுண்டுக்கே கம்ப்யூட்டர் டாக்டர் நான்தான். நாலு குடித்தனமும் சேர்ந்து ஒரே வைஃபை போட்டிருந்தோம். ரவுட்டர் மாடியில், தகரண்ணன் வீட்டு வாசல் சுவரில். கம்ப்யூட்டர் கீழே, எங்கள் வீட்டில்.

அப்போதுதான் என் மனைவி மலருக்கு ஒரு பெங்களூர் கம்பெனியின் கடைசி ரவுண்டு இன்டர்வியூ வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்த நாளிலிருந்து அவள் ஏங்கிக்கொண்டிருந்த வேலை. கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், திரையில் வேலை செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன் நெட்டை நம்ப முடியாது. எங்கள் தெருவில் போன் கர்நாடகாவா தமிழ்நாடா என்று முடிவு செய்வதற்குள் கால் கட்டாகிவிடும்.

அந்த வாரம் பார்த்துதான் வைஃபை நொண்ட ஆரம்பித்தது. முகம் வந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் வாயைப் பிளந்தபடி நிற்கும்.

டாக்டர் சும்மா இருப்பேனா? கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். வைரஸ் என்றேன். மேஜையை ஜன்னலோரம் இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால், பீரோ இடுக்கில் சொருகியிருந்த, சிக்னல் பிடிக்கிற வைஃபை குச்சியை நீள ஒயர் போட்டு மேஜை மேல் கொண்டுவந்தேன். கொஞ்சம் தேறியது.

"பாத்தியா?" என்று காலரைத் தூக்கினேன்.

படம் நின்றது. "நல்லாப் பாத்தேன்," என்றாள் மலர்.

இன்டர்வியூ அன்று வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனை ஆள் உறைந்துவிட்டார். மலர் "ஹலோ சார், ஹலோ சார்" என்று கண் கலங்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாம் என்று மாடிக்கு ஓடினேன். ரவுட்டரைக் காணோம். அந்த இடத்தில் நீல பெயின்ட்டில் பளபளவென்று ஓர் இரும்புப் பெட்டி.

"ஐயையோ, என்னண்ணே இது?"

"பல்லி பூந்துட்டா ஷார்ட் ஆயிடும் தம்பி. போன வாரம் மாட்டுனேன். நீதான நல்லாருக்குன்ன?"

சொன்னேன்தான். மாட்டுவதற்கு முன்னால் கீழே கொண்டுவந்து காட்டினார். எதற்கு என்றுகூடக் கேட்காமல், விரலால் தட்டிப் பார்த்து "பினிஷிங் பிரமாதம்ணே" என்ற மேதை நான்.

"இரும்புக்குள்ள வச்சா சிக்னல் எப்படிண்ணே வெளிய வரும்?"

"அதுக்குத்தான ஓட்ட போட்டு வச்சிருக்கேன்!"

"தொறங்கண்ணே! கீழ மலருக்கு இன்டர்வியூ ஓடுது!"

"தொறக்க முடியாது. ரிவெட் அடிச்சிட்டேன்." பெட்டியைப் பார்த்தார். மழமழவென்று மூலை மடித்த பெட்டி, அவர் செய்ததிலேயே அழகானது. "மலரு அழுவுதா?"

"அழுவுறாண்ணே."

அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார். டமார், டமார்! காம்பவுண்டே வாசலுக்கு வந்துவிட்டது. தகரம் கிழிந்தது, அவர் கட்டைவிரலும் கிழிந்தது. ரவுட்டர் வெளியே தலைகாட்டியதும் கீழேயிருந்து ஒரு ஆண் குரல் கணீரென்று கேட்டது: "மேடம், அங்க என்ன இடி இடிக்குதா?"

"நெட்ட சரி பண்றாங்க சார்," என்றாள் மலர்.

அந்த வாரமே வேலை கிடைத்தது. மலர்தான் மாடிக்கு ஓடிப்போய் முதலில் அவரிடம் சொன்னாள். கிழிந்த பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கீழே வைத்தார். இரண்டடி பின்னால் போய் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சென்னாகிதே!" என்றார்.

இப்போது நாங்கள் வேறு ஏரியா. தனி கனெக்‌ஷன், நெட் பறக்கிறது, ஒருநாளும் நிற்பதில்லை. அதுதான் கஷ்டம், அவரைக் கூப்பிடச் சாக்கே இல்லை. "சும்மா கூப்பிடுங்களேன், ஆளப் பாத்து எவ்ளோ நாளாச்சு," என்றாள் மலர் நேற்று. கூப்பிட்டேன்.

"என்னா தம்பி, எதுக்காச்சும் கவர் அடிக்கணுமா?"

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மூட வேண்டியது ஒன்றுமே இல்லை.

"நெறைய இருக்குண்ணே," என்றேன். "வாங்க."