கலப்பட மற்ற தயிர்

"சார், ஒரு சந்தேகம். கலப்படத் தயிர் இது. அப்ப மற்ற தயிர் எங்க இருக்கு?"

பேக்கிங் அக்கா கேலியாகக் கேட்கவில்லை. எட்டு வருஷமாக மூடி போடும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர். சந்தேகம் என்றால் சந்தேகம்தான். அவர் நீட்டிய தயிர் கப்பை 'ஒற்று' சார் வாங்கிப் பார்த்தார். வட்ட மூடி, பச்சை எழுத்து. மேல் வரியில் 'கலப்பட' என்று இருந்தது. அடுத்த வரியில் 'மற்ற தயிர்' என்று இருந்தது.

ஒற்று மூடியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அது 'கலப்படமற்ற தயிர்' அக்கா. ஒரே வார்த்தை. சேத்துப் படிக்கணும்."

"சேத்துத்தான் படிச்சேன் சார். கலப்பட, மற்ற, தயிர்."

"அப்படி இல்ல. மூச்சு விடாம படிங்க."

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படித்தார். அப்போதும் கலப்படம் மேல் வரியிலேயேதான் நின்றது.

அந்தத் தொழிற்சாலைக்குத் தயிர் செய்யத் தெரியும். பெயர் வைக்கத் தெரியாது. எந்தக் கடை கேட்கிறதோ அந்தக் கடையின் பெயரில் தயிர் போகும். ஒரே தொட்டியில் உறைந்த தயிர் காலையில் பச்சை மூடி போட்டுக்கொண்டு ஒரு பெரிய கடைக்கும், மதியம் தங்க மூடி போட்டுக்கொண்டு அதன் போட்டிக் கடைக்கும் போகும். யாருக்கு யார் செய்கிறார்கள் என்று வெளியே மூச்சு விடக்கூடாதென்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே அங்கே தயிரைவிட மூடி முக்கியம். மூடியில் வரும் எழுத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான் ஒற்றுவின் வேலை.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் அதுவல்ல. க், ச், த், ப் எங்கே விட்டுப் போனாலும் சிவப்புப் பேனாவோடு பாய்கிறவர் என்பதால் ஊழியர்கள் வைத்தது. கழிவறைக் கதவில் ஒட்டிய அறிவிப்பைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. பாய்லர் ஆபரேட்டர் ஒருமுறை 'காச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதி அனுப்ப, 'காய்ச்சல் என்று எழுதினால்தான் விடுப்பு' என்று திருப்பி அனுப்பிவிட்டார். பாவம், ஆபரேட்டர் நூற்றிரண்டு டிகிரியோடு நேரில் வந்து ஒரு 'ய்' போட்டுவிட்டுப் போனார்.

வீட்டிலும் அதே கொடிதான் பறந்தது. மனைவி ஒருநாள் 'பலம் ஒரு கிலோ' என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஒற்று அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மச்சான் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, "பலத்தைக் கிலோ கணக்குல எந்தக் கடையில விக்கறான்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். அன்றிலிருந்து சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டாள். வேண்டியதை வாயால் சொல்லிவிடுவாள். பிழை ஒழிந்தது என்று ஒற்று நினைத்துக்கொண்டார்.

இந்தப் பச்சை மூடிக்குக் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்தது 'சுத்தமான தயிர்' என்றுதான். "அப்ப அசுத்தமான தயிர்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டு, 'கலப்படமற்ற தயிர்' என்று மாற்றியவரே அவர்தான். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் உணவு மேஜையில் விரித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். இரண்டு நாள் தாள் மேஜையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஓரத்திலிருந்த டீக்கறையைத் துடைத்தார். எங்கிருந்தோ வந்து விழுந்திருந்த பென்சில் கிறுக்கலை ரப்பரால் அழித்தார். 'ற்ற' சரி, 'யி' சரி என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் சறுக்கிய யானைகளையெல்லாம் நிற்கவைத்துத் திட்டிய யானை, தான் சறுக்கினால் யார் முகத்தில் விழிக்கும்?

நேரே முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம் விடவில்லை. காலை வேன் அறுநூறு கப்போடு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. சத்தமில்லாமல் வேனைத் திருப்பிவிட்டால் விஷயம் நாலு சுவருக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு டிரைவரை போனில் பிடித்தார்.

"சரக்கை இறக்காதே! அப்படியே திருப்பு!"

"ஏன் சார்?"

"கலப்படம்னு இருக்கு!"

"என்னது, கலப்படமா?"

"ஆமாய்யா, கலப்படம்! பெருசா, மேலேயே இருக்கு! யாரும் பாக்கறதுக்குள்ள வந்துடு!"

மறுமுனையில் வேறொரு குரல் வந்தது.

"நான் கடை மேனேஜர் பேசறேன். போன் ஸ்பீக்கர்ல இருக்கு. தயிர்ல என்ன கலந்தீங்க?"

"ஐயையோ, ஒண்ணும் கலக்கல சார். 'மற்ற' கீழ இறங்கிடுச்சு, அவ்வளவுதான்."

"எது கீழ இறங்கிடுச்சு?"

"மற்ற."

"மற்ற என்ன?"

"மற்ற தயிர் சார்."

"அப்ப மேல இருக்கறது என்ன தயிர்?"

இதை விளக்கி முடிப்பதற்குள் ஒற்றுவின் சட்டை நனைந்துவிட்டது. பிழை எழுத்தில்தான், தயிரில் இல்லை என்று மேனேஜர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஆனால் அலமாரி காலியாகக் கிடப்பதால் சரக்கைத் திருப்பித் தர மாட்டேன் என்றார்.

"இங்கயே ஏதாவது செஞ்சு குடுங்க. அரை மணி நேரம் தரேன்."

ஒற்று யோசித்தார். பரிசோதனைக் கூடத்தில் மாதிரிப் புட்டிகளுக்கு ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர் கட்டுக் கட்டாக இருந்தது. அதை அக்காவிடம் கொடுத்து ஆட்டோவில் அனுப்பினார்.

"மேல் வரியை மட்டும் மறைச்சுடுங்க அக்கா. கெட்ட வார்த்தை அதுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. அக்கா வேலையில் கெட்டி. அறுநூறு மூடியிலும் பிசகாமல் ஒட்டிவிட்டு வந்தார். ஒற்று ஒரு டீ வாங்கினார். டீ ஆறுவதற்குள் மேனேஜரின் போன் வந்தது.

"சார், வெறும் 'மற்ற தயிர்'னு இருக்கு. எதைத் தவிர மற்ற தயிர்னு கஸ்டமருங்க கேக்கறாங்க."

"ஏதாவது சொல்லிச் சமாளிங்க சார்."

"அது பரவால்ல. எல்லாரும் ஸ்டிக்கரைச் சுரண்டறாங்க."

"எதுக்குச் சுரண்டணும்?"

"ஸ்டிக்கரைப் பாத்தா சுரண்டாம இருப்பாங்களா? அடியில பழைய தேதி இருக்கும்னு சுரண்டறாங்க. சுரண்டினா அடியில 'கலப்பட'ன்னு இருக்கு. குளிர்ப்பெட்டி ஈரத்துல பாதி ஸ்டிக்கர் தானாவே வேற உரிஞ்சு விழுது. ஒருத்தர் போட்டோ எடுத்து எங்க தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிட்டார்."

காலையில் வெறும் பிழையாக இருந்தது மதியத்துக்குள் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. மறைக்காமல் விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள், மறைத்ததால் நம்பிவிட்டார்கள்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். கையில் அந்தப் போட்டோ.

"என்ன சார் இது? நீங்க இருக்கும்போதா?"

அந்த 'நீங்க இருக்கும்போதா' ஒற்றுவைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"அச்சகத்துப் பிழை சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் முதலாளி அச்சகத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மூன்று மணிக்குக் கடையின் கொள்முதல் அதிகாரி வந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற அம்மையார். மேஜையில் இரண்டு கப்பை வைத்தார். ஒன்று பச்சை மூடி. இன்னொன்று போட்டிக் கடையின் தங்க மூடி.

"இவங்களைப் பாருங்க. ஒரு நாள் ஒரு குறை வந்ததுண்டா? தயிரும் நம்மளதைவிட எவ்வளவு நல்லா இருக்கு! இவங்களுக்குச் செய்யற தொழிற்சாலை எதுன்னு மட்டும் தெரிஞ்சா, நாளைக்கே அங்க போயிடுவேன்."

முதலாளி கூரையைப் பார்த்தார். ஒற்று தரையைப் பார்த்தார். தங்க மூடித் தயிரை இறக்கிய குழாய் அந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றார் அம்மையார். "தப்பு யாருது? அச்சகம்னா அச்சகத்தை மாத்துங்க. உங்களுதுன்னா நாங்க உங்களை மாத்திக்கறோம்."

பச்சை மூடி போய்விட்டால் காலை ஷிப்டே கிடையாது. அக்காவும் அவரோடு நிற்கிற பதினொரு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அறை முழுக்க ஒற்றுவைப் பார்த்தது.

அச்சகக்காரர் கதவோரத்தில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை இயந்திரம் வைத்துப் பிழைக்கிற மனுஷன். அவசரத்தில் மைக்கறையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார். போன வருஷம் ஒரு நெய் லேபிளில் விட்டுப்போன புள்ளியை அவராகவே போட்டதற்கு, 'என் கையெழுத்து இல்லாம ஒரு புள்ளியைக்கூட மாத்தக்கூடாது' என்று ஒற்று பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். இப்போது அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் அந்த மாதிரித் தாள், அதன் கீழே ஒற்றுவின் கையெழுத்து. எடுத்து நீட்டினால் கதை முடிந்தது. அவர் நீட்டவில்லை. உறையைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க ஒற்றுவுக்கு உடம்பு கூசியது. ஒரு புள்ளிக்காகத் தான் மானத்தை வாங்கிய மனுஷன் தன் மானத்தைப் பொத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்ததும் ஒற்று அம்மையார் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னுதுங்க," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "தப்பு என்னுது. வார்த்தையை மாத்தினதும் நான்தான், பாத்துக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னதும் நான்தான். இவர் மேல பழி போட்டதும் நான்தான். தொழிற்சாலை மேல தப்பில்ல. என்னை மாத்திடுங்க."

காது மடல் சுட்டது. பாய்லர் ஆபரேட்டரின் காய்ச்சல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையிலேயே இதைச் சொல்லியிருந்தா ஒரே போன்ல முடிஞ்சிருக்கும். நான்கூட எங்க விளம்பரத்துல 'பால் பொருட்கள்'ங்கறதை 'பாழ் பொருட்கள்'னு விட்டவதான்." கொஞ்சம் சிரித்தார். "சரி, மூடியை மறுபடி அடிங்க. செலவு உங்களுது. ஆனா ஒரு நிபந்தனை. இனிமே இவர் ஒருத்தர் பாத்தா போதாது. இன்னொரு கண்ணு பாக்கணும். எழுத்தைப் பாக்கற கண்ணு இல்ல, வார்த்தையைப் பாக்கற கண்ணு. அப்படி யாராவது இருக்காங்களா?"

முதலாளி ஒற்றுவைப் பார்த்தார். ஒற்று மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். ஆபரேட்டருக்கு 'ய்' வராது. கணக்கருக்கு ஒருமை பன்மை தெரியாது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். பழத்துக்கும் பலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள்.

"எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இல்லீங்க," என்றார்.

கதவோரத்தில் அச்சகக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இருக்காங்களே சார். மாதிரித் தாள் உங்ககிட்ட இருந்தப்ப, அதைக் கேட்டு உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன், உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. வட்டம் போட்ட தாள் வரும்னாங்க. வந்ததுல வட்டத்தைக் காணோம், சரி, நீங்க பாத்து முடிவு பண்ணிட்டீங்கன்னு விட்டுட்டேன். அவங்க சொன்னாங்க சார்: 'வார்த்தை ரெண்டா உடைஞ்சிருக்கு. நான் எழுதிக் காட்டினா அவர் சிவப்பு மையில திருத்துவார். அதனால எதுவும் எழுதல. பென்சில்ல ஒரு வட்டம் மட்டும் போட்டு வச்சிருக்கேன்.'"