டிரம்மருக்கு ஒரு பிறந்தநாள் கார்டு

2006 ஜனவரி ஒன்றாம் தேதி ஒரு சபதம் எடுத்தேன். உலகமே எதிர்த்தாலும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பதில்லை. சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தேன். வெளியே ஜான்சி இருந்தாள்.

ஜான்சி என் மனைவி. மரக்காணத்தில் ஒரு உப்புக் கிடங்கில் சரக்குத் தரம் பார்க்கிறாள். நான் உரக்கடையில் கிளார்க், பி.காம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் எனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கஷ்டமே அதுதான்.

முதல் ஞாயிறுகளில் புதுச்சேரியில் ராக் இசை ரசிகர்கள் ஐந்து பேர் கூடுவோம். ஜெராக்ஸ் கடை காசிலிங்கம் அண்ணன் தலைவர். அவர் கடை மாடிதான் சபை. மற்ற நால்வரும் கேசட் கொண்டுவருவார்கள். நான் புத்தகம் கொண்டுபோவேன். வெளிநாட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போய், சண்டே மார்க்கெட் நடைபாதையில் கிடக்கும் ஆங்கிலப் புத்தகங்கள். ராக் குழுக்களின் கதைகள், கிடார்காரர்களின் வாழ்க்கை வரலாறுகள். மாதம் ஒன்றைப் பரிந்துரைத்து அரை மணி நேரம் பேசுவேன். முஜீப் ரஹ்மான் நோட்டில் குறித்துக்கொள்வான். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு ஒரு மாதம் வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை பரிந்துரைத்த பதினோரு புத்தகங்களில் ஒன்றைக்கூட ஐம்பதாம் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் அகராதி. பக்கத்தைப் புரட்ட மூன்றாவது கை இல்லை.

அந்த ஜனவரி ஒன்றும் முதல் ஞாயிறுதான். அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜான்சி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மூணு ஞாயிறு அகராதியோட குந்திக்கிறீங்க. ஒரு ஞாயிறு பஸ் ஏறிடறீங்க. மாசத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து நெத்திலி ஆஞ்சு குடுத்தா கொறைஞ்சா போயிடுவீங்க?"

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. அன்று பரிந்துரைத்த புத்தகத்தை நீட்டினேன். ஒரு ராக் குழுவின் கதை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"இதை முழுசாப் படி ஜான்சி. படிச்சு முடிச்சிட்டு, போவாதீங்கன்னு சொல்லு. சத்தியமா போவ மாட்டேன்."

"முடிக்கிற வரைக்கும்?"

"அதுவரைக்கும் போவேன்."

என் வேகத்தில் எட்டு மாதம். ஜான்சி கான்வென்டில் பிளஸ் டூ வரைதான் படித்தவள். பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கவலையில்லை!

அவள் புத்தகத்தை நட்டநடுவில் திறந்தாள்.

"ஏய், மொதல் பக்கத்துலேர்ந்து படி."

"உப்பு மூட்டையில மேலாப்புல பார்த்தா சரக்கு எடுக்கறோம்? மேல எப்பவும் வெள்ளையாத்தான் இருக்கும். முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டாத்தான் ஈரம் தெரியும். மொதல்ல நடுவுல பார்க்கறேன். சரக்கு நல்லா இருந்தா மொதல்லேர்ந்து வர்றேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அந்த டிரம்ஸ் வாசிக்கிறவரு எப்படிங்க?"

"தங்கமான மனுஷன். எப்பவும் சிரிச்ச மூஞ்சி."

"இப்ப எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, ஜம்முனு இருக்காரு! பிப்ரவரியில பொறந்தநாள், முப்பத்தொன்னாம் பக்கத்துல இருக்குது. அன்னிக்குக் கூட்டத்துலயே அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டு, புத்தகத்துக்குப் பின்னாடி இருந்த அவரோட வீட்டு விலாசத்துக்கு வாழ்த்து கார்டு அனுப்பியிருக்கோம். என் யோசனைதான்."

ஜான்சி சோறு பிசைவதை நிறுத்தினாள்.

"இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல செத்துட்டாருங்க."

எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"எப்போ?"

"ஒம்பது வருஷம் ஆச்சு. நீங்க எத்தனாவது பக்கம் வரைக்கும்...?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வெளியில தெரிஞ்சா மானம் போயிடும் ஜான்சி. பதினோரு புத்தகமும் சேர்ந்து போயிடும்."

"சொல்ல மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு நானும் வர்றேன்."

எட்டாம் நாள் புத்தகத்தை முடித்துவிட்டாள். 'போவாதீங்க' என்று மட்டும் சொல்லவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி. மாடிப்படி ஏறுவதற்குள் காசிலிங்கம் அண்ணன் கேட்டார்.

"ஏம்பா, டிரம்மர்கிட்டேர்ந்து பதில் வந்துச்சா?"

நாலு ஜோடிக் கண்கள். ஜான்சி முந்திக்கொண்டாள்.

"அவரு செத்து ஒம்பது வருஷம் ஆச்சுங்கண்ணா."

முஜீப் ரஹ்மான் நோட்டை மூடினான்.

"ஆனா கார்டு வீணாப் போவாது. கடைசி அத்தியாயத்துல இருக்குது. அவரோட அம்மா இன்னும் அந்த வீட்லதான் இருக்காங்க. மகன் பேருக்கு வர்ற ஒவ்வொரு கடுதாசியையும் படிச்சுட்டு அவரோட டிரம் மேல வைக்கிறாங்களாம். நம்ம அஞ்சு கையெழுத்தும் அங்கதான் இருக்கும்."

காசிலிங்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடப்பாவி, இது தெரிஞ்சேதான் அனுப்பச் சொன்னியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் எனக்கு வராது. ஜான்சி என் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான்.

அப்புறம் ஒரு மணி நேரம் அவள்தான் பேசினாள். "பாட்டுக்காரர் எழுதினா அவரு மூஞ்சி மட்டும்தான் தெரியும். டிரம்ஸ்காரர் எழுதின புத்தகம் கெடைச்சா விடாதீங்க. அவருதான் பின்னாடி உட்கார்ந்து எல்லாரோட முதுகையும் பார்த்தவரு." முஜீப் ரஹ்மான் நோட்டில் இரண்டு பக்கம் நிரப்பினான். "அண்ணி, மார்ச்சுக்கு என்ன படிக்கலாம்?" என்று கேட்டான். என்னை அல்ல.

மார்ச் ஐந்து, ஞாயிறு. ஜான்சி கைப்பையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினாள். எனக்குப் பின்னால் உலகமே திரண்டு நின்றாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. என் முன்னால் ஒரு முறம் வைத்தாள். ஒரு கிலோ நெத்திலி.

"போவாதீங்க," என்றாள் அன்பாக. "நான்தான் புத்தகத்தை முடிச்சிட்டேனே."