கண்ணாடி அலமாரி வராது!

"இந்தக் கண்ணாடி அலமாரி புது வீட்டுக்கு வராது! நான் உயிரோட இருக்கிற வரைக்கும் வராது!"

என் அப்பா, அதாவது பாபா, இதை ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி மேல் ஏறி நின்று அறிவித்தார். பெட்டி அவர் எடையைத் தாங்காமல் மெல்ல உள்ளே அமுங்கியது. அறிவிப்பின் கடைசி வார்த்தைகளைக் கொஞ்சம் தாழ்வான இடத்திலிருந்துதான் முடித்தார். ஆனாலும் வீரம் குறையவில்லை.

கோடை முடியும்போது தெஹ்ரானில் பாதி ஊர் மறுபாதியின் வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். வாடகை ஒப்பந்தங்கள் முடிகிற பருவம். இந்த வருடம் எங்கள் முறை. பாபா பூகோள வாத்தியார். புது வீட்டின் தீப்பெட்டிக் கூடத்தைத் தவழ்ந்து தவழ்ந்து அளந்துவிட்டு வந்தார். பெரிய சாமான் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடமாம். ஒன்று, மாமானின், அதாவது என் அம்மாவின், சீர் அலமாரி. இல்லையென்றால் பாபாவின் நாற்காலி.

அலமாரிக்குள் பீங்கான் தட்டுகள். அவற்றில் இதுவரை ஒரு ஈ கூடச் சாப்பிட்டதில்லை. நாற்காலி பழுப்புத் தோல். ஒரு பக்கம் ஸ்பிரிங் செத்துவிட்டது. உட்கார்ந்தால் ஆள் மூழ்கும் கப்பல் மாதிரி இடது பக்கம் சாய்வார். பாபாவுக்கு அதுதான் சிங்காசனம்.

"பீங்கானை வேடிக்கை பார்க்கணும்னா மியூசியத்துக்குப் போகலாம். என் முதுகு எங்க போகும், மஹ்லகா?"

"சரி, ஃபராமர்ஸ் ஜான்," என்றாள் மாமான். ஜான் என்றால் உயிர்.

மாமான் கத்தினால் எனக்குப் பயமில்லை. 'சரி' என்றால்தான் என் சாமான்களை ஒளித்து வைப்பேன். பாபாவுக்கும் அந்தச் 'சரி' பழக்கம்தான். உடனே ஒரு சதித்திட்டம் தீட்டினார்.

எங்கள் ஊரில் வந்தவர் ஒரு பொருளைப் புகழ்ந்தால் வீட்டுக்காரர், "உங்களுக்கே காணிக்கை, எடுத்துக்கோங்க" என்றாக வேண்டும். வந்தவர் மூன்று தரம் மறுத்தாக வேண்டும். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். மரியாதை மட்டும் கைமாறும். இதில் பாபா மாவட்ட சாம்பியன். வாயைப் பிளந்து கிடந்தபோதே பல் டாக்டருக்குத் தன் கோட்டைக் காணிக்கையாக்கியவர். இவரும் இரண்டாம் மாடி ஜலாலியும் 'நீங்க முதல்ல', 'நீங்க முதல்ல' என்று லிஃப்ட் வாசலில் நின்றால், லிஃப்டே சலித்துப்போய் மேலே போய்விடும்.

அந்த ஜலாலியைத்தான் பாபா மாடிப்படியில் மடக்கினார். நான் மேல்படியில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு விருந்துக்கு வந்து அலமாரியைப் புகழு. அவ காணிக்கைன்னு சொல்லித்தான் ஆகணும். லபக்குன்னு எடுத்துக்கோ!"

"மூணு தரம் மறுக்காமலா? க்ஹும்... என்னை யாருன்னு நினைப்பாங்க?"

"சரி, ரெண்டு தரம் மறு."

"கொண்டுபோய் எங்க வைப்பேன்? ஷம்சி என்னையே வெளிய வெச்சுடுவா."

"பழைய சாமான் கடையில தள்ளிடு!"

சமையலறைக்குப் போய் மாமானுக்கு மொத்தத்தையும் நடித்துக் காட்டினேன். இரண்டு குரலும் நானே. கீரை வதக்கிக்கொண்டிருந்த மாமான் திரும்பவே இல்லை.

"இன்னொரு தரம்டி, பூபக். அந்த இருமலோட."

இருமினேன்.

"இப்ப உங்கப்பா குரல்ல 'உங்களுக்கே காணிக்கை' சொல்லு."

சொன்னேன்.

"யோசிச்சா சொல்வாரு?"

"யோசிச்சா? தும்மல் மாதிரி மாமான், தானா வரும்."

மாமான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, ஜலாலியின் மனைவி ஷம்சி கானுமுக்குப் போன் போட்டாள். மரியாதைக்குப் பெண் பேரோடு 'கானும்', ஆண் பேரோடு 'கான்' சேர்ப்போம்.

மறுநாள் விருந்து. ஷம்சி கானும் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கப்பல் இடது பக்கம் சாய்ந்தது. ஜலாலி தொண்டையைச் சரிசெய்தார்.

"அடடா, இந்த அலமாரி! க்ஹும். என்ன அழகு!"

பாபா மாமானைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"உங்க கண்ணு அழகு, அதான் அழகாத் தெரியுது," என்றாள் மாமான். "கீல் எல்லாம் ஆடுது. இதைப் போய் காணிக்கைன்னு சொன்னா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"என்ன அவமானம்? நல்ல அலமாரிதானே!" என்று பாபா பதறினார்.

ஷம்சி கானும் நாற்காலியின் கையைத் தடவினார். "அலமாரி கிடக்கட்டும், ஃபராமர்ஸ் கான். இது என்ன நாற்காலி! என் இடுப்பு வலி போன இடம் தெரியலையே!"

"உங்களுக்கே காணிக்கை!"

பாபா சொல்லவில்லை. அது வந்துவிட்டது. தும்மல்.

"ஐயோ, வேண்டாம்."

"எடுத்துக்கலைன்னா என் மனசு கஷ்டப்படும்."

"முடியவே முடியாது."

"என் உயிர் மேல ஆணை!"

"வேண்டாங்க, உங்க முதுகு..."

மூன்று மறுப்பு. ஆட்டம் முடிந்தது, எல்லாரும் தேநீர் குடித்திருக்கலாம். ஆனால் சாம்பியனால் சும்மா இருக்க முடியுமா? அழகுக்காக இன்னொன்று போட்டார்:

"மறுத்தீங்கன்னா இனி உங்க வாசல்படி மிதிக்க மாட்டேன்!"

ஷம்சி கானும் தலையைக் குனிந்துகொண்டார். "அப்படிப்பட்ட மனசை நான் உடைப்பேனா? சரி, எடுத்துக்கறேன்."

மாமான் ஊற்றிக்கொண்டிருந்த தேநீரில் ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை. அலமாரிக்கு வந்த ஜலாலி, படிக்கொரு இருமலாக நாற்காலியைத் தூக்கிப் போனார்.

அவர்கள் போனதும் பாபா வெடித்தார். "சதி! ஆனா நான் தோக்கல! கிளம்பற அன்னிக்கு ஜலாலி மரியாதைக்காவது 'திருப்பி எடுத்துக்கோங்க'ன்னு சொல்லணும். சொன்ன அடுத்த நொடி 'சரி'ன்னுடுவேன்! மறுப்பு கிறுப்பு எதுவும் கிடையாது! மரியாதையை எல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு டேப் ஒட்டியாச்சு!"

"சரி, ஃபராமர்ஸ் ஜான்."

பாபா பயிற்சியில் இறங்கினார். சவரம் செய்யும்போது "சரி!" குளிக்கும்போது "சரி! சரி!" நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று ஜலாலி குரலில், "க்ஹும், நாற்காலியை எடுத்துக்கோங்க" என்பேன். உள்ளேயிருந்து "ஐயோ, வேண்டாங்க" என்று வரும். பிறகு தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு, "பூபக்! நீயா? இன்னொரு தரம் கேளு!"

கிளம்பும் நாள் வந்தது. போர்வை சுற்றிய அலமாரி மகாராணி மாதிரி முதலில் லாரியேறியது. அதைப் பாபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முஷ்டியை மடக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினார். ஜலாலி கதவைத் திறந்தார். பின்னால் நாற்காலி, இடது பக்கம் சாய்ந்தபடி பாபாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃபராமர்ஸ் கான், க்ஹும், நாற்காலி என்னிக்கும் உங்களோடதுதான். எடுத்துட்டுப் போங்க."

பாபா மூச்சை இழுத்தார். சுமை தூக்குகிறவர்கள் படியில் அப்படியே நின்றார்கள். அவர் உதட்டில் 'ச' வந்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"ச... சேச்சே! என்ன பேச்சு இது! அது உங்க வீட்லதான் அழகு!"

"இல்லல்ல, எடுத்துக்கோங்க."

"முடியவே முடியாது!"

"தயவுசெஞ்சு."

"என் உயிர் மேல ஆணை, வேண்டாம்!"

மூன்று மறுப்பு. ஜலாலி சாம்பியன் இல்லை. நாலாவது தரம் கேட்கவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி கன்னத்தில் முத்தமிட்டார்கள். கதவு மூடியது.

கீழே, லாரியில் டிரைவர் பக்கத்தில் இரண்டே இடம். ஜன்னல்களில் எல்லாம் அக்கம்பக்கத்துத் தலைகள்.

"நீங்க முன்னாடி உட்காருங்க," என்றாள் மாமான், தெருவுக்கே கேட்கும்படி. "உங்களுக்கு முதுகு வலி. நானும் பொண்ணும் சாமானோட பின்னாடி ஏறிக்கறோம்."

"சேச்சே! நீங்க ரெண்டு பேரும் முன்னாடி!"

மாமான் ஒரே ஒரு தரம் கூட மறுக்கவில்லை. ஏறி, கதவைச் சாத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அலமாரியைக் கெட்டியா கட்டிப் பிடிச்சுக்கோங்க, ஃபராமர்ஸ் ஜான். பீங்கான் ஆடக்கூடாது."