நாலாயிரம் பல் எடுத்தவர்

காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் பல் டாக்டரே போனில் கூப்பிட்டதும் ஆபீஸ் கண்காணிப்பாளர் கன்னத்தைத் தடவியபடி பதறிப்போய் எடுத்தார்.

"வீக்கம் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் இருக்கு டாக்டர்."

"கொஞ்சம்னா? எலுமிச்சம்பழ அளவா, ஆரஞ்சு அளவா?"

அதுவரை வெறும் கன்னமாக இருந்தது, அந்த நிமிடமே ஆரஞ்சாகக் கனத்தது.

முந்தைய நாள் ஞானப்பல்லை எடுக்கப் போனபோது எவ்வளவு தெம்பாக இருந்தார்! ஆபீஸுக்கு ஒரு பேனா வாங்கவே மூன்று விலைப்புள்ளி கேட்கிற மனிதர். வாயை மட்டும் கண்டவரிடம் திறந்துவிடுவாரா? நான்கு டாக்டர்களை நேர்காணல் செய்து நிராகரித்துவிட்டுப் போன வாரம்தான் ஐந்தாவதாக இவரிடம் வந்திருந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை எடுத்திருக்கீங்க?"

"நாலாயிரம்" என்றார் டாக்டர், முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்."

அந்த நாலாயிரத்தை ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார் கண்காணிப்பாளர், பாதியைத் தானே எடுத்ததுபோல.

"டாக்டர் தானாவா கூப்பிடறாரு?" என்றான் நலம் விசாரிக்க வந்த மைத்துனன். "நாம பத்து தடவை கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாங்களே! உள்ள எதையோ வெச்சுத் தைச்சுட்டாரு மாமா."

"வாயை மூடுடா" என்ற மனைவி டார்ச்சை எடுத்தாள். "நீங்க வாயைத் திறங்க. ஐயய்யோ, கறுப்பா ஏதோ நீட்டிக்கிட்டிருக்கு!"

"தையல் நூல்டி அது!"

"இவ்ளோ நீளமாவா?"

அடுத்த அழைப்பில் இந்தத் தொல்லையை ஒரேயடியாக முடித்துவிடத் தீர்மானித்தார்.

"வலியே இல்லை டாக்டர்."

"கொஞ்சம்கூடவா? சத்தியமா?"

சத்தியம் கேட்கிற டாக்டரை அவர் பார்த்ததே இல்லை. ஒருவேளை வலித்தே ஆகவேண்டுமோ? நரம்பு செத்துவிட்டதோ? கீழுதட்டைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. சந்தேகத்துக்கு இன்னும் நான்கு முறை கிள்ளினார். மாலைக்குள் உதடும் வீங்கிவிட்டது.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"வலிக்குது டாக்டர். காது வரைக்கும் இழுக்குது."

"ஐயோ!" என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டார்.

நாலாயிரம் பல் எடுத்தவர் ஐயோ என்கிறார்! கண்காணிப்பாளர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"பீரோ சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"அது என்னைக்கு உங்ககிட்ட இருந்தது?"

ஏழாம் நாள் டாக்டர் இரண்டே நிமிடத்தில் தையலைப் பிரித்தார். அதோடு விடவில்லை. ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஒரு நோட்டைத் திறந்தார்.

"ஊசி குத்தினப்போ எவ்ளோ நேரம் வலிச்சுது?"

"ஞாபகம் இல்லையே..."

"நல்லா யோசிங்க. எலும்பை ராவினப்போ, அந்தச் சத்தம் மண்டைக்குள்ள கேட்டுதா?"

"நல்லாவே கேட்டுது."

டாக்டரின் பேனா நின்றது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "சரி, போய்ட்டு வாங்க" என்ற குரல் முகக்கவசத்துக்குள்ளேயே தேய்ந்தது.

கண்காணிப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் சரணடைந்தார்.

"எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேம்மா. உண்மையைச் சொல்லிடு. என் வாய்க்குள்ள அவரு என்ன பண்ணிட்டாரு?"

அவள் டாக்டரின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லை சார், அவருக்கும் அதே பல்லுதான், மாஸ்க்குக்குள்ள கன்னம் வீங்கி நாலு மாசமாச்சு, நீங்க வலிக்கலைன்னதும் எடுக்கறதுக்கு நாள் குறிச்சாரு, வலிக்குதுன்னதும் கேன்சல் பண்ணிட்டாரு!"