கறுப்புத் திரையில் வந்த பெயர்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு பூட்டுப் பிரசங்கியைப் பார்க்கலாம். கணினிப் பிரிவில் இருப்பார். கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்று, பிள்ளை பேரை வைக்காதே, 'நினைவில் வைத்துக்கொள்ளவா?' என்று கணினி கேட்டால் தலையாட்டாதே என்று வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லுவார். யார் கேட்டது? கேட்காதவர்களுக்குச் சொல்வதுதானே பிரசங்கம்.

கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் இருந்த நம்மவர், ஒருநாள் மதியம் மேசை மேசையாகச் சோதனைக்கே கிளம்பிவிட்டார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கறுப்புத் திரையைத் திறந்து, ஒரே ஒரு வரிக் கட்டளை. அந்தக் கணினி யார் பெயரைச் சேமித்து வைத்து எந்தக் கதவைத் திறக்கிறது என்று பட்டியல் வந்து நிற்கும். மவுஸால் நாலு தட்டுத் தட்டினாலும் இதே பட்டியல் வரும்தான். அதில் என்ன கெத்து இருக்கிறது?

மூன்றாவதாகப் போய் நின்றது வரைபடக்கார அம்மாவின் மேசையில்.

"சார், நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரி வரைபடம் போகணும். இல்லன்னா இந்த வேலை வேற கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் வாங்களேன்."

"ரெண்டே நிமிஷம்மா. பாதுகாப்புன்னா சும்மாவா?"

தட்டினார். வரைபடங்கள் இருக்கும் பொது ஃபோல்டருக்கு நேரே ஒரு பெயர் வந்தது. நம்மவருடைய பெயரேதான்.

காது சூடாகிவிட்டது அவருக்கு. மூன்று வருடத்துக்கு முன், அந்த அம்மா வேலையில் சேர்ந்த அன்று, தனி அனுமதி போட்டுக் கொடுக்கச் சோம்பல்பட்டு, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து, 'நினைவில் வைத்துக்கொள்' என்று கணினிக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர் அவரேதான். அது இன்றைக்கும் செல்லுகிறது என்றால், மூன்று வருடமாக அவர் கடவுச்சொல்லை மாற்றவே இல்லை என்றுதானே அர்த்தம்? தோளால் திரையை மறைத்துக்கொண்டு அந்த வரியை அழித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. ஃபோல்டர் மூடிக்கொண்டு, பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்டது.

அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? இத்தனை நாளும் அவருடைய கணினிதான் அவருக்காக ஞாபகம் வைத்திருந்தது. அதிலிருந்ததையும் அன்று காலைதான், ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று அழித்திருந்தார். நாம் வைத்தது சாமானியமாகவா இருக்கும் என்று குறியும் எண்ணுமாக ஒன்றை அடித்தார். தவறு. இன்னொன்று. அதுவும் தவறு. மூன்றாவதும் தவறினால் மறுநாள் காலை வரை எதுவும் திறக்காது. அந்த விதியைப் போட்டவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? மணி மூன்று ஐம்பத்திரண்டு. நிஜமாகவே பயந்துபோனார்.

"உங்க பொண்ணு பேரு சார்" என்றார் வரைபடக்கார அம்மா, மெதுவாக. "பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அன்னைக்கு ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே அடிச்சீங்க. இந்த வரிசையில எல்லாருக்கும் தெரியும்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு வரைபடம் போய்விட்டது. அவர் தன் மேசைக்குத் திரும்பி முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினார். 'நினைவில் வைத்துக்கொள்ளவா?' என்றது கணினி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சரி என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை, கணினியையும் கைப்பேசியையும் தொடாமல், ஒரு தாளில் எழுதுங்கள் பார்ப்போம். வரவில்லையா? பக்கத்து மேசையில் கேட்டுப் பாருங்கள்.